மம்மூத் குகையில் பேய் தேடுவது எப்படி? பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு கையேடு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மம்மூத் குகை தேசியப் பூங்கா இருக்கிறது. உலகில் அறியப்பட்ட குகைகளில் இதுதான் மிக நீளமானது. இதுவரை அளந்து வரைபடமாக்கிய பாதைகளே 420 மைலுக்கு மேல், அதாவது 680 கிலோமீட்டர் வரும். இன்னும் அளந்துகொண்டேயிருக்கிறார்கள். 1941-இல் தேசியப் பூங்காவாயிற்று, 1981-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் முடியடர்ந்த பழங்கால யானையைத் தேடுவார்கள். அந்த யானைக்கும் குகைக்கும் தொடர்பில்லை, மாபெரியது என்ற பொருளில் வைத்த பெயர் என்று காரிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வாசலிலேயே ஏமாற்றம்.

பேய்க்கதைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. மற்ற இடங்களில் 'யாரோ ஒரு வெள்ளைச் சேலைக்காரி' என்று கதை மொட்டையாக நிற்கும். இங்கே பெரும்பாலான ஆவிகளுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, இறந்த ஆண்டும் உண்டு. கதையைக் கையில் வைத்துக்கொண்டு இடம் இடமாகப் போய்ச் சரிபார்க்கலாம். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இதைவிட நல்ல துப்பறியும் வேலை கிடைப்பது அரிது.

புறப்படுமுன்

பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. குகைக்குள் போகத்தான் கட்டணம், அதுவும் பெரும்பாலும் ரேஞ்சர் என்ற பூங்கா அலுவலர் அழைத்துச் செல்லும் சுற்றுகளில்தான் போக முடியும். கோடை விடுமுறையிலும் வசந்த கால விடுமுறையிலும் டிக்கெட்டுகள் முன்கூட்டியே தீர்ந்துவிடும். அன்றைக்குப் போய் வரிசையில் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போகாதீர்கள். தேசியப் பூங்காக்களுக்கான அரசு முன்பதிவுத் தளத்தில் சில வாரங்களுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். எந்தச் சுற்று எந்த மாதத்தில் நடக்கும் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும்.

நேரக் குழப்பம் ஒன்று உண்டு. பூங்கா மத்திய நேர மண்டலத்தில் இருக்கிறது. வடக்கே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் இருக்கும் லூயிவில் நகரமோ கிழக்கு நேர மண்டலம். லூயிவிலிலிருந்து வருகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து பசித்த பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். திரும்பும்போது அந்த ஒரு மணி நேரம் காணாமல் போகும், மாலை விமானம் இருந்தால் அங்கேதான் சிக்கல். தெற்கே அதே தொலைவிலுள்ள நாஷ்வில்லிலிருந்து வந்தால் இந்தத் தொல்லை இல்லை. டிக்கெட்டில் அச்சிட்டிருப்பது பூங்காவின் நேரம்.

வழிக்கு, 65-ஆம் எண் நெடுஞ்சாலையில் பார்க் சிட்டியின் 48-ஆம் வெளிவழி அல்லது கேவ் சிட்டியின் 53-ஆம் வெளிவழி என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் சில நேரம் கிரீன் ஆற்றுப் படகுத்துறை வழியாக அனுப்பிவிடும். ஆற்றில் நீர் மிகுந்தாலும் குறைந்தாலும் அந்தப் படகு ஓடாது. பூங்காவுக்குள் போன பிறகு கைபேசி சிக்னலையும் நம்ப வேண்டாம்.

குகைக்குள் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸ். வெளியே ஜூலை வெயிலில் வியர்த்த சட்டையோடு உள்ளே போகும் பிள்ளை பத்து நிமிடத்தில் நடுங்கத் தொடங்கும். நடுங்கும் பிள்ளைக்குப் பேய்க்கதை கேட்கும் பொறுமை இராது. முழுக்கைச் சட்டை ஒன்று, அதற்கு மேல் மெல்லிய ஸ்வெட்டர், முன்புறம் மூடிய ரப்பர் அடிக் காலணி, இவை போதும். தரை ஈரமான இடங்களில் செருப்பு வழுக்கும். வேறு குகைக்குப் போட்டுப்போன காலணி, உடை எதையும் எடுத்து வராதீர்கள். வவ்வால்களைக் கொல்லும் 'வெள்ளை மூக்கு நோய்' என்ற பூஞ்சை நோய் காலணி வழியாக ஒரு குகையிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும். மனிதருக்கு ஒன்றும் ஆகாது. சுற்று முடிந்து வெளியே வரும்போது நுரைத் திரவம் ஊறிய விரிப்பின் மேல் எல்லோரையும் நடக்கச் சொல்வது இதற்காகத்தான். பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

தள்ளுவண்டிக்கு அனுமதி இல்லை. இரும்புச் சட்டம் வைத்து முதுகில் குழந்தையைச் சுமக்கும் பைக்கும் இல்லை, கூரை தாழும் இடத்தில் குழந்தையின் தலைதான் முதலில் முட்டும். கழிப்பறைக்குக் கிளம்புமுன்பே போய்வந்துவிட வேண்டும்.

எந்தச் சுற்று?

இங்கேதான் பலரும் தவறிவிடுகிறார்கள். குகை என்றால் கூரையிலிருந்து கல் விழுதுகள் தொங்கும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். மம்மூத் குகையின் பெரும்பகுதியில் அவை கிடையாது. சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து உண்டான பாதைகள் இவை. மேலே மணற்பாறை குடைபோல மூடி நிற்கிறது, மழைநீர் உள்ளே சொட்டாது, சொட்டாத இடத்தில் விழுது வளராது. அந்தக் குடை சிதைந்த ஓரப்பகுதியில்தான் 'ஃப்ரோஸன் நயாகரா' என்ற உறைந்த அருவி போன்ற கல்திரை இருக்கிறது. அந்தப் பெயரிலேயே நடக்கும் சுற்று ஒன்றேகால் மணி நேரம்தான், நடை கால் மைல். சின்னக் குழந்தைகளுக்கும் முழங்கால் வலிக்கும் பாட்டி தாத்தாவுக்கும் இதுதான் சரி. ஆனால் பேய்க்கதைக்கு இங்கே வேலை இல்லை.

கதைகள் இருப்பது பழைய வாசல் பக்கம். 'ஹிஸ்டாரிக்' சுற்று இரண்டு மணி நேரம், இரண்டு மைல், மொத்தம் 540 படிகள். 'ஆழம் காணாப் பள்ளம்', 'குண்டன் திண்டாட்டம்' என்று தமிழில் சொல்லக்கூடிய இடங்களையெல்லாம் தாண்டி, கடைசியில் மம்மூத் டோம் என்ற உயர்ந்த கூடத்தின் இரும்புக் கோபுரத்தில் ஏறி வரவேண்டும். அந்தக் கோபுரப் படிகள் கடைசிக் கட்டத்தில்தான், பிள்ளைகள் களைத்திருக்கும் நேரம் பார்த்து வரும். ஐந்து வயதுப் பிள்ளையைத் தோளில் தூக்கி ஏற உங்களால் முடியுமா என்று இப்போதே யோசியுங்கள். காசநோய்க் குடிசைகளைப் (அவற்றின் கதை பின்னால் வருகிறது) பார்க்க வேண்டுமானால் நீட்டித்த ஹிஸ்டாரிக் சுற்றையோ, லாந்தர் வெளிச்சத்தில் மூன்று மைல் நடக்கும் வயலட் சிட்டி சுற்றையோ எடுக்க வேண்டும். லாந்தர் சுற்றில் ஆறு வயதுக்குக் கீழ் சேர்க்க மாட்டார்கள்.

குறுகலான இடத்துக்குப் பயப்படுகிற பிள்ளை என்றால் வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். சாப்பாட்டு மேசைக்கடியில் போர்வையைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். அங்கேயே அழுதால் இந்த ஆண்டு ஃப்ரோஸன் நயாகரா போதும்.

வாசலில் முதல் சோதனை: பேயின் மூச்சு

பழைய வாசலுக்குக் கீழே இறங்கும்போது, கோடையானால், சில்லென்ற காற்று முகத்தில் அடிக்கும். 'குகை மூச்சு விடுகிறது' என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும், பிறகு பிள்ளையிடம் ஒரு டிஷ்யூ தாளைக் கொடுத்து இரண்டு விரலால் பிடிக்கச் சொல்லுங்கள். கோடையில் தாள் வெளிப்பக்கம் பறக்கும். உள்ளிருக்கும் குளிர்ந்த காற்று கனமானது, தாழ்ந்த வாசல் வழியாக வழிந்தோடி வருகிறது. குளிர்காலத்தில் இதே தாள் உள்பக்கம் இழுபடும். வாசல் வரை இறங்கிப் பார்க்க டிக்கெட் தேவையில்லை. சுற்று கிடைக்காமல் போனவர்களும் இதைச் செய்யலாம்.

ஸ்டீபன் பிஷப்

லாந்தர் சுற்றின்போது குழுவுக்குப் பின்னால் பழங்கால உடையில் கறுப்பின மனிதர் ஒருவர் நின்றதாகவும், திரும்பிப் பார்த்தால் இல்லை என்றும் கதை உண்டு. அவர் ஸ்டீபன் பிஷப்பாம்.

பிஷப் உண்மையான மனிதர். 1838-இல், பதின்ம வயதில், அடிமையாக இந்தக் குகைக்கு வழிகாட்டி வேலைக்குக் கொண்டுவரப்பட்டார். அதுவரை எல்லோரும் திரும்பிப் போன இடம் ஆழம் காணாப் பள்ளம். ஆழம் கண்டாயிற்று, 105 அடி. பிஷப் அதன் குறுக்கே போட்ட ஏணியில் ஊர்ந்து அக்கரை போனார். அங்கிருந்துதான் நிலத்தடி ஆறுகளும் கண்ணில்லாத மீன்களும் வெளியுலகுக்குத் தெரிந்தன. நினைவிலிருந்தே அவர் வரைந்த குகைப்படம் 1845 வாக்கில் புத்தகத்தோடு அச்சாகி வந்தது. 1856-இல் விடுதலை கிடைத்தது. அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

உள்ளே பார்க்க வேண்டியது கூரையில் மெழுகுவர்த்திப் புகையால் எழுதிய பெயர்கள். அந்தக் காலத்துப் பயணிகள் குச்சி நுனியில் மெழுகுவர்த்தியைக் கட்டி எழுதினார்கள், வழிகாட்டிகளும் எழுதினார்கள். எழுத்துகளைக் காட்டி, 'இது அப்போது வழக்கம், இப்போது எழுதினால் குற்றம்' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் ஹெரிடேஜ் டிரெயில் என்ற பாதையில் கொஞ்சம் நடந்தால் பழைய வழிகாட்டிகளின் கல்லறைத் தோட்டம். பிஷப்பின் கல்லில் அவர் இறந்த ஆண்டு 1859 என்று வெட்டியிருக்கும். அவர் இறந்தது 1857. கல்லே பல ஆண்டுகள் கழித்து நட்டது. பிழையைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். கல்லில் வெட்டியதே தவறாக இருக்கலாம் என்று தெரிந்துகொண்ட பிள்ளை அதன் பிறகு எந்தக் கதையையும் கேட்கும் விதமே வேறு.

பின்னால் நின்ற உருவம்? குழு சிதறாமலிருக்கக் கடைசியில் இன்னொரு ரேஞ்சர் நடந்து வருவது வழக்கம். தொப்பி போட்ட ஆள், மங்கிய லாந்தர், முப்பது நிழல்கள். சுற்று தொடங்கும்போதே கடைசியில் வருபவர் யார் என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இருமல் கேட்கும் பிணப்பாறை

ஜான் குரோகன் என்ற மருத்துவர் 1839-இல் இந்தக் குகையை விலைக்கு வாங்கினார், பிஷப்பையும் சேர்த்து. பிரிட்டனோடு நடந்த 1812 போரின்போது வெடிமருந்துக்காக வெடியுப்பு எடுத்த மரத்தொட்டிகளும் மரக்குழாய்களும் குகைக்குள் மட்காமல் கிடந்தன (இன்றும் ரொட்டுண்டா கூடத்தில் பார்க்கலாம்). மரத்தையே மட்க விடாத காற்று நுரையீரலையும் காக்கும் என்று குரோகன் நினைத்தார். 1842-43 குளிர்காலத்தில் காசநோயாளிகளை உள்ளே குடிசைகளில் தங்கவைத்தார். குளிர், இருட்டு, சமையல் அடுப்பும் விளக்கும் கக்கிய புகை. புகை போக வழியில்லை. சிலர் உள்ளேயே இறந்தார்கள். உடலை வெளியே எடுத்துப்போகும்வரை கிடத்திய தட்டைப்பாறைக்கு இன்றும் பிணப்பாறை என்றுதான் பெயர். நோயாளிகளுக்குச் சோறு கொண்டுபோனவர்கள் அடிமை வழிகாட்டிகள். குரோகனும் 1849-இல் அதே நோயால்தான் இறந்தார்.

மரக்குடிசைகள் போய்விட்டன, கற்சுவர்க் குடிசைகள் இரண்டு நிற்கின்றன. அங்கே இருமல் சத்தம் கேட்கும் என்பார்கள். கேட்கத்தான் செய்யும். வெயிலிலிருந்து குளிருக்கு வந்த கூட்டத்தில் யாராவது இருமாமல் இருப்பார்களா? வளைந்த பாதை அந்தச் சத்தத்தை எங்கிருந்தோ வருவதுபோலக் கொண்டுவந்து போடும். ரேஞ்சர் அனுமதித்தால் அரை நிமிடம் எல்லோரும் வாயைப் பொத்தி நின்று, எத்தனை வகைச் சத்தம் கேட்கிறது என்று விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள்.

விளக்கணைக்கும் நேரம்

பல சுற்றுகளில் ரேஞ்சர் விளக்குகளையெல்லாம் அணைத்துவிடுவார். எங்கிருந்தும் துளி வெளிச்சம் வராத இருட்டு அது. கிராமத்து அமாவாசை இரவுகூட இதன் பக்கத்தில் நிற்காது. பிள்ளையிடம் முன்பே சொல்லி வையுங்கள், சொல்லாமல் விட்டால் அலறல் நிச்சயம். நடக்கும்போது மின்னும் காலணி, ஒளிரும் கைக்கடிகாரம், கைபேசித் திரை, இவற்றில் ஒன்று போதும் எல்லோருக்கும் அந்த இருட்டைக் கெடுக்க. மின்னும் காலணியை விடுதியிலேயே விட்டுவிடுங்கள்.

இருட்டில் பிள்ளை தன் கையை முகத்துக்கு முன்னால் ஆட்டட்டும். ஏறக்குறைய பாதிப்பேர் ஏதோ நிழல் ஆடுவது தெரிகிறது என்பார்கள். 2013-இல் வெளியான ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்விலும் இதுவே கிடைத்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கை எங்கே நகர்கிறது என்று மூளைக்குத் தெரியும், அதுவே படத்தை வரைந்துவிடுகிறது. பிறகு பக்கத்து ஆளின் கையை ஆட்டச் சொல்லுங்கள், அது தெரியாது. குகையில் ஆவி பார்த்தவர்கள் எல்லோரும் பொய் சொல்லவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைவிட எளிய வழி இல்லை.

ஃபிளாய்ட் காலின்ஸ்: பெரிய பிள்ளைகளுக்கு மட்டும்

பத்து வயதுக்குக் கீழ் இந்தக் கதை வேண்டாம். படுக்கையில் அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

1920-களில் இப்பகுதியில் நிலம் வைத்திருந்தவர்கள் ஆளுக்கொரு குகையைத் திறந்து பயணிகளை இழுக்கப் போட்டி போட்டார்கள். காலின்ஸ் 1917-இல் கிறிஸ்டல் குகையைக் கண்டுபிடித்தவர். அது சாலையிலிருந்து தள்ளி இருந்ததால் கூட்டம் வரவில்லை. சாலையோரம் ஒரு வாசல் தேடி 1925 ஜனவரி 30 அன்று மணல் குகை (சாண்ட் கேவ்) என்ற குகைக்குள் தனியாக ஊர்ந்து போனார். வரும் வழியில் காலில் ஒரு கல் விழுந்து சிக்கியது. கல்லின் எடை 12 கிலோதான், ஓர் அரிசிப்பை அளவு. கை எட்டாத இடத்தில் விழுந்ததால் நகர்த்த முடியவில்லை. ஸ்கீட்ஸ் மில்லர் என்ற ஒல்லியான செய்தியாளர் உள்ளே ஊர்ந்துபோய்ச் சோறூட்டிப் பேட்டி எடுத்தார், அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றார். மேலே ஆயிரக்கணக்கில் கூட்டம், தின்பண்டக் கடைகள், ஏறக்குறைய திருவிழா. பாதை சரிந்து மூடிக்கொண்டது. பக்கத்தில் 55 அடிக்குக் குழி தோண்டிப் பிப்ரவரி 16 அன்று எட்டியபோது அவர் உயிரோடு இல்லை.

அதற்குப் பின் நடந்தது இன்னும் மோசம். 1927-இல் அவர் உடலைக் கண்ணாடி மூடிய பெட்டியில் வைத்து, கிறிஸ்டல் குகைக்குள்ளேயே காட்சிப்பொருளாக்கினார்கள். 1929-இல் யாரோ உடலைத் திருடிப் போனார்கள். திரும்பக் கிடைத்தது, ஒரு கால் இல்லாமல். ஊர்க் கல்லறையில் அடக்கம் நடந்தது 1989-இல்தான். அவர் கூப்பிடும் குரல் கேட்கிறது என்ற கதையைவிட இந்த அறுபது ஆண்டுதான் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கும்.

கிறிஸ்டல் குகைக்குள் பொதுமக்கள் போக முடியாது. மணல் குகை வாயிலை, கேவ் சிட்டியிலிருந்து வரும் சாலையோரத்தில் சிறிய பலகைப் பாதையில் நடந்து மேலிருந்து பார்க்கலாம். இறங்கக் கூடாது. அங்கே நின்று பிள்ளையிடம் கேளுங்கள்: காலின்ஸ் எங்கெங்கே தவறினார்? தனியாகப் போனார். விளக்கு ஒன்றுதான். குகை ஆய்வாளர்கள் இன்று ஆளுக்கு மூன்று விளக்கு எடுத்துப்போவார்கள், நான்கு பேருக்குக் குறையாமல் போவார்கள், எப்போது திரும்புவோம் என்று மேலே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

மெலிசா: ஆளே இல்லாத ஆவி

காதலித்த ஆசிரியரைக் குகைக்குள் ஓடும் எக்கோ நதிக்கு அழைத்துப்போய் இருட்டில் விட்டுவிட்டு வந்த பெண் மெலிசா, குற்ற உணர்வில் இறந்து இன்றும் அவரைத் தேடி அழுகிறாள் என்பது கதை. இந்த ஒன்றுக்கு மட்டும் கல்லறையும் இல்லை, பதிவும் இல்லை. தேடிப் போனால் 1858-இல் நியூயார்க்கிலிருந்து வந்த நிக்கர்பாக்கர் என்ற மாத இதழில் போய் நிற்கும். அங்கே அது சிறுகதை. சொல்லிச் சொல்லி எழுத்தாளர் பெயர் உதிர்ந்து, கதைப்பெண் ஆவியாகிவிட்டாள். நான்கு கதைகளையும் பிள்ளையிடம் கொடுத்து எது கற்பனை என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் காலின்ஸைத்தான் காட்டுவார்கள்.

இரவில் கதை சொல்லும்போது

பூங்கா முகாமிடத்தில் ஒரே ஒரு விளக்கை ஏற்றி, பிள்ளைகளின் முகத்தில் படாமல் தரையில் வையுங்கள். ஒரு கதைக்குப் பத்து நிமிடம் போதும். பார்த்துவிட்டு வந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்: 'மத்தியானம் நீ உட்கார்ந்தாயே, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்...' போகாத இடத்தைப் பற்றிய கதை எடுபடாது. குரலை உயர்த்திப் பயமுறுத்துவதைவிட நடுவில் நிறுத்தி அமைதியாக இருப்பது நன்றாக வேலை செய்யும், காட்டுப் பூச்சிகள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். முதலில் ஊர் சொல்கிற கதை, பிறகு நடந்தது. இந்த வரிசையை மாற்றினால் ஆர்வம் போய்விடும்.

அடிமைகளாக வேலை செய்தவர்களை வேடிக்கைப் பேயாக்க வேண்டாம். பிஷப்பின் கதையில் பயத்தைவிட வியப்பு அதிகம், ஆறேழு வயதுப் பிள்ளைக்கும் அதைச் சொல்லலாம். அதே மரியாதை 1935-இல் பாறைக்கடியில் கண்டெடுத்த பழங்குடி மனிதரின் உடலுக்கும் வேண்டும். ஜிப்சம் என்ற கனிமத்தைச் சுரண்ட வந்தவர், ஈராயிரம் ஆண்டுக்கு முந்தியவர். அவரையும் பல ஆண்டுகள் காட்சிக்கு வைத்திருந்து, 1970-களில்தான் குகைக்குள் மறுபடி அடக்கம் செய்தார்கள்.

கடைசியாக, பார்வையாளர் மையத்தில் ஜூனியர் ரேஞ்சர் கையேட்டைக் காலையிலேயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். முடித்துக் காட்டினால் உறுதிமொழி எடுக்கவைத்து பேட்ஜ் தருவார்கள். மையம் மூடும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஓடினால் கிடைக்காது.